முட்டைத்தனம் கூடாது

போன புதன்கிழமை பாதி முட்டை ஒன்று என் வாயை அடைத்துவிட்டது. அதை நான் சாப்பிடக்கூட இல்லை. எதிர்த் தட்டில் சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும்... அதன் அப்பன் யார், பாட்டன் யார், எந்த ஊரில் இருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது என்று நோண்டாமல் விடமாட்டேன். "சாம்பார் ஆறுது, சாப்பிட்டுட்டு ஆராய்ச்சி பண்ணலாமே" என்பார் எங்கள் வீட்டுக்காரர். பொதட்டூர்பேட்டையில் ஒரு வாசகர் இருக்கிறார். நான் எழுதுகிற ஒவ்வொரு பூர்வீகத்துக்கும் மறுப்புக் கடிதம் போடுவதையே விரதமாக வைத்திருக்கிறார். இந்த இரண்டு பேரையும் சமாளித்துக்கொண்டுதான் என் பிழைப்பு ஓடுகிறது.

இந்த வியாதியை நம்பி ஒரு கம்பெனி என்னைப் பேசக் கூப்பிட்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு பைப் செய்கிற கம்பெனி. பேர் வேண்டாம். அங்கே 'குவாலிட்டி வாரம்' கொண்டாடுகிறார்களாம். தொழிலாளர்களுக்கு முக்கால் மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேச வேண்டுமாம். "கொஞ்சம் சிந்திக்கவும் வைக்கணும் மேடம்" என்றார் போனில் பேசிய குவாலிட்டி மேனேஜர் தயாளன். சிரிப்பு, சிந்தனை... இரண்டுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம்தானா? பேரம் பேசவில்லை. சரி என்றேன். கார் அனுப்பினார்கள்.

திருவள்ளூரில் ஏழு மணிக்குக் கிளம்பி, லாரிகளின் முதுகில் எழுதியிருந்ததையெல்லாம் படித்து முடித்து, ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்கள். அது எனக்கு ஒரு சைஸ் பெரிது. நான் திரும்பினால் அது ஒரு நொடி கழித்துத்தான் திரும்பியது.

பெரிய ஷெட்டில் நூறு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பேனர். அதில் கொட்டை எழுத்தில் 'ஓவாலிட்டி — நமது முதல் எதிரி' என்று போட்டிருந்தது.

ஓவாலிட்டியா? நான் வீட்டில் இருந்து எழுதிக்கொண்டு போன பேச்சை அந்த இடத்திலேயே மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். பசித்தவன் எதிரே இலை போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"இந்த எதிரி யாருங்க?" என்று முன்வரிசையைப் பார்த்துக் கேட்டேன். நரைத்த மீசையோடு ஒருவர் எழுந்தார். பேர் முனிரத்தினம், பைப் மில்லை ஓட்டுகிற ஆபரேட்டர்.

"பைப்பு ரவுண்டா இருக்கணும் மேடம். கொஞ்சம் நசுங்கிச் சப்பிக்கினா ஓவல் அடிச்சிடுச்சின்னு சொல்லுவோம். எவ்ளோ சப்பிச்சோ அதான் ஓவாலிட்டி. ஒரு தலைமுடி கனம் வரைக்கும் உட்டுடுவாங்க. அதுக்கு மேல போனா பேஜாரு."

எவ்வளவு தெளிவான விளக்கம். நான் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தேனா?

ஆரம்பித்தேன். லத்தீனில் 'ஓவம்' என்றால் முட்டை. அதில் இருந்துதான் ஓவல். முட்டை மாதிரி இருப்பது. அமெரிக்க ஜனாதிபதி உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற அறை, லண்டனில் கிரிக்கெட் ஆடுகிற ஒரு மைதானம், உங்கள் பைப்பின் வியாதி... மூன்றுக்கும் ஒரே கோழிதான் அம்மா. ரவுண்டு என்கிற சொல்லும் அந்தப் பக்கத்து ஆள்தான். 'ரோட்டா' என்றால் சக்கரம். உங்கள் மில்லில் இருக்கிற 'ரோல்' கூட அதே குடும்பம், குட்டிச் சக்கரம். அப்படியானால் இந்த ஷெட்டில் மூன்று ஷிப்டும் நடப்பது என்ன? சக்கரத்துக்கும் முட்டைக்கும் சண்டை.

சிரித்தார்கள். சிரித்தால் நான் நிறுத்துவேனா?

அந்தக் காலத்து ஆட்களுக்கு வடிவம் என்றால் சமையற்கட்டுதான் ஞாபகம் வந்திருக்கிறது என்றேன். லென்ஸ் என்றால் லத்தீனில் பருப்பு. நம் மைசூர்ப் பருப்பு வகை. உருவம் அப்படி இருந்ததால் கண்ணாடிச் சில்லுக்கும் அதே பேர். "நான் மூக்கில் மாட்டியிருப்பது இரண்டு பருப்பு" என்றேன். நம் ஊரில் பரீட்சையில் முட்டை வாங்கினால் சுத்தமான வட்டமாகப் போடுவார்கள். ரோமாபுரியிலோ வட்டம் ஆக முடியாமல் போனதற்குப் பேர்தான் முட்டை. ஆகவே உங்கள் பேனரைத் தமிழில் எழுதினால் என்ன வரும் தெரியுமா?

"முட்டைத்தனம் கூடாது."

ஷெட் அதிர்ந்தது. விசில்கூட வந்தது. முனிரத்தினம் மட்டும் மறுபடி எழுந்தார்.

"மேடம், முட்ட ஒரு பக்கம் கூரா இருக்குமே. எங்க பைப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாரிதான் சப்பும்."

நியாயமான கேள்வி. "அது ரோமாபுரிக் கோழிங்க, அங்கெல்லாம் அப்படித்தான் போடும்" என்று சமாளித்தேன். அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு ஹெல்மெட் இறுக்கமாக ஆன மாதிரி இருந்தது, தலை அவ்வளவு வீங்கியிருந்தது.

பிறகு தயாளன் நன்றி சொல்ல மைக்கை வாங்கினார். நல்ல உயரம், தேய்த்த சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா.

"மேடம் சொன்னத எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கங்க. முட்டைத்தனம் கூடாது. ஆனா நம்மள்ல ஒருத்தங்க போன மாசம் ஒரு லாட் முழுக்க முட்டை போட்டு கஸ்டமருக்கு அனுப்பியிருக்காங்க. அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. மேகலா, கொஞ்சம் எழுந்திரும்மா. எல்லாரும் பாக்கட்டும்."

நான்காவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். நீல ஏப்ரன், இறுக்கிப் பின்னிய சடை. எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தாள். ஷெட் மறுபடி சிரித்தது. என் சொல்லுக்குச் சிரித்த அதே சிரிப்பு. என் முகத்திலும் முந்தைய சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. யார் மேல்? தயாளன் மேல் பாதி, என் வாய் மேல் பாதி.

புதன்கிழமை அந்த கேன்டீனில் முட்டை மசாலா. இது வேறு. விருந்தினர் மேசையில் எனக்குத் தனியாக இலை போட்டு வைத்திருந்தார் தயாளன். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். வாங்கிக்கொண்டு நேராக மேகலா உட்கார்ந்திருந்த கடைசி மேசைக்குப் போனேன். அங்கே அவளைத் தவிர யாரும் இல்லை.

"மன்னிச்சுக்கம்மா. அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது நான்தான்."

"நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம். நீங்க குடுக்கலைனா வேற எதனா சொல்லியிருப்பாரு."

பழவேற்காடு பக்கம் ஒரு மீனவர் குப்பம் அவளுக்கு. அப்பா ஏரியில் தொழிலுக்குப் போகிறவர். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே ஒரு வருஷம் ட்ரெயினியாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமையோடு அந்த வருஷம் முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்று அன்றைக்குத்தான் சொல்வார்கள்.

"என்னதான் நடந்தது?" என்றேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரைப் படுக்கப் போட்டுக் காட்டினாள். தகட்டை உருட்டி ஒட்டித்தான் பைப் ஆக்குகிறார்கள். ஒட்டின இடத்தில் நீளத்துக்கும் ஒரு வெல்டு கோடு இருக்கும்.

"இந்தக் கோடு மேல வர மாரி புடிச்சுக்கணும் மேடம். கோடு நல்லா இருக்குதான்னு மொதல்ல அத்தத்தான் பாப்போம். அப்புறம் மேல-கீழ ஒரு ரீடிங். சைடுல ஒரு ரீடிங். ரெண்டுத்துக்கும் எவ்ளோ வித்தியாசமோ அத எழுதுவோம். இங்க எல்லாருமே அப்டித்தான். தயாளன் சார்தான் சொல்லிக் குடுத்தாரு. அவரு அளக்கற கையி போட்டோகூட டேபிளுக்கு மேல ஒட்டிக்கிது."

"நீயும் அப்படித்தான் அளந்தே."

"அம்பது பைப்புல நம்பர் போட்டு அளந்தேன். ரெண்டு ரீடிங்கும் ஒண்ணாவே வந்துச்சு. நான் ரொம்ப சந்தோசப்பட்டேன் மேடம்... இவ்ளோ ரவுண்டா ஒரு லாட்டு நான் பாத்ததே இல்ல. இப்போ சார் இன்னா சொல்றாரு, ஒரு பக்கம் அளந்துட்டு இன்னொரு ரீடிங்க உக்காந்த எடத்துல காப்பி அடிச்சுக்கினியான்னு."

அடுத்து அவள் சொன்னதுதான் எனக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம். தப்பு நடந்தால் சிவப்பு போர்டில் பேரோடு எழுதுவார்கள். மறுநாள் காலை மீட்டிங்கில், பேர் உள்ளவரே அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும்.

"'அளக்காமல் எழுதினேன்'னு எழுதியிருக்காரு. நாளைக்குப் படிக்கணும். படிச்சா நானே ஒத்துக்கின மாரி. அப்புறம் எவன் என்ன பர்மனென்ட் பண்ணுவான்? படிக்க மாட்டேன்னா இன்னிக்கே பைய எடுத்துக்கினு போவ வேண்டியதுதான்." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள். "வேல போனாகூட பரவால்ல மேடம். நான் அளந்தேன். அத ஒருத்தரும் நம்பல."

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் கேட்டேன்: "நிஜமாகவே இரண்டு பக்கமும் அளந்தியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஐம்பது பைப்பிலும் இரண்டு எண்ணும் ஒன்று போலவே வருமா? சந்தேகம் எனக்கும் வந்தது. வாய்தான் பெரிது, நம்புவதற்கு மனசு அவ்வளவு பெரிதாக இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், சங்கடமான நேரத்தில் எப்போதும் செய்வதையே செய்தேன். வேடிக்கை பேசினேன்.

"சரி விடு. உன் தட்டில் இருக்கிற முட்டை எவ்வளவு ஓவாலிட்டி என்று பார்ப்போமா? அந்த லத்தீன்காரன் சொன்னது சரியா என்று தெரிந்துவிடும்."

அபத்தம்தான். ஆனால் அவள் உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். "எங்க ஊட்ல முட்டையே வாங்க மாட்டாங்க மேடம். எறா இருக்கும்போது முட்ட எதுக்கும்பாரு எங்கப்பா." சொல்லிக்கொண்டே ஏப்ரன் பாக்கெட்டில் இருந்து வெர்னியரை எடுத்தாள். அளக்கிற கருவி. இரண்டு தாடை இருக்கும், நடுவில் பிடித்தால் சின்னத் திரையில் எண் காட்டும். டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் மாதிரி இந்தப் பிள்ளைகளுக்கு அது.

நீளவாக்கில் வெட்டின பாதி முட்டை, மஞ்சள் கரு மேலே தெரிய, சோற்று மேட்டுக்கும் ரசக் கிண்ணத்துக்கும் நடுவில் சாய்வாகக் கிடந்தது. அவள் யோசிக்கவே இல்லை. கை பழக்கத்தில் மேலும் கீழுமாக ஒரு முறை பிடித்தாள். இடமும் வலமுமாக ஒரு முறை பிடித்தாள்.

"நாப்பத்தொம்போது சொச்சம்." அடுத்தது? "இதுவும் நாப்பத்தொம்போது சொச்சம்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "அடிப்பாவி, முட்டையே ரவுண்டா? இதைப் பேசாமல் கஸ்டமருக்கு அனுப்பிவிடலாமே."

அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைக் கொஞ்சம் திருப்பினாள். மறுபடி அளந்தாள். ஐம்பத்தாறு. மறுபடி திருப்பினாள். நாற்பத்து மூன்று.

"மேடம்..." என்றாள். "இது கோணலா கெடக்குது. கோணலா கெடக்கச் சொல்ல நேரா புடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் காட்டும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். ஹெல்மெட் தாமதமாக ஆடியது. அதற்குள் அவள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். கை கழுவவில்லை. நானும் கழுவாமல் பின்னாலேயே ஓடினேன். விருந்தினர் மேசையில் என் இலை காத்துக்கொண்டிருந்தது, தயாளனும் காத்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டுக்குப் பின்னால் திரும்பி வந்த பைப்புகளைச் சிவப்புச் சீட்டுக் கட்டிப் போட்டிருந்தார்கள். அவள் நம்பர் எழுதின பைப் ஒன்றை இழுத்தாள். வெல்டு கோட்டை மேலே வைத்தாள். மேல்-கீழ் அளந்தாள். பக்கவாட்டில் அளந்தாள். இரண்டும் ஒன்றுதான். பிறகு வெர்னியரைப் பிடித்தபடியே பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டினாள். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது. இன்னும் உருட்டினால் இறங்கிக்கொண்டே போய் இன்னொரு இடத்தில் நின்றது. சக்கரமாக வேஷம் போட்ட முட்டை.

அப்போது எனக்கும் புரிந்தது. பைப் சப்பியிருந்தது கோட்டுக்கு நேராக இல்லை, கோணத்தில். எல்லோரும் கோட்டையே தலைமாடாக வைத்து நேராக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது எந்தக் காலத்திலும் கண்ணில் படாது. அவள் ஐம்பது முறை அல்ல, ஐநூறு முறை அளந்தாலும் படாது.

"மேகலா. வெர்னியர்ல என்னம்மா அது?"

தயாளன் வந்து நின்றார். நாங்கள் ஓடினதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். பின்னாலேயே வேடிக்கை பார்க்க முனிரத்தினமும் வந்தார்.

"முட்ட மசாலா சார்."

"மெஷரிங் இன்ஸ்ட்ருமென்ட்ட சோத்துத் தட்டுல வெச்சியா?"

"வெச்சேன் சார். அதுக்கும் சேத்து போர்டுல எழுதிக்கங்க. ஆனா நான் காப்பி அடிக்கல." ஏப்ரனில் வெர்னியரைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். "அம்பது பைப்பும் இங்கதான் கெடக்குது. என் ரிப்போர்ட்டும் ஆபீஸ்ல இருக்குது. நீங்களே அளங்க. போட்டோல இருக்கிற மாரியே அளங்க. நான் எழுதுனது தப்புன்னா நாளைக்கு நானே படிக்கிறேன்."

யாரோ போய் ரிப்போர்ட்டை எடுத்து வந்தார்கள். முனிரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தயாளன் அளந்தார்.

"ஏழாம் நம்பரு. இருவத்தஞ்சு புள்ளி நாலு ஒண்ணு, சார். சைடுலயும் நாலு ஒண்ணு."

தயாளன் அளந்தார். அடுத்த பைப்பை இழுத்தார்.

"பதினொண்ணு. மூணு ஒம்போது. சைடுலயும் மூணு ஒம்போது."

அளந்தார். திரையை ஒரு தரம் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"இருவத்தி ரெண்டு. நாலு மூணு, நாலு மூணு."

பத்து பைப் அளந்தார் மனுஷன். ஒன்றாவது பிசகாதா என்று அவர் பார்ப்பது எனக்கே தெரிந்தது. ஒன்றும் பிசகவில்லை. உட்கார்ந்த இடத்தில் காப்பி அடித்த எண் எப்படிப் பத்துக்குப் பத்தும் பைப்போடு ஒத்துப்போகும்?

"இப்போ கொஞ்சம் உருட்டுங்க சார்" என்றாள் மேகலா.

உருட்டினார். எண் ஏறியது, இறங்கியது. நாலு முடி கனம் வித்தியாசம். அவர் வெர்னியரை மூடினார். 

முனிரத்தினம்தான் ஆரம்பித்தார். "கடைசில ரவுண்டு கட்டுற ரோலு ஒண்ணு ஓரமா தேஞ்சிருக்கும் சார். நான் பாத்திருக்கணும். நைனா, இத்தினி வருசமா ஓட்டினுகிறேன், எனக்கே தெரியல." தன்னைத்தானே நைனா என்று கூப்பிட்டுத் திட்டிக்கொள்கிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தயாளன் வெர்னியரை மேகலா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளைத் தாண்டி வந்தார். "மேடம், கார் ரெடி" என்றார் என்னிடம். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குவியலில் இருந்து ஒரு பைப்பை உருவியிருப்பேன். என்னை அங்கே கூப்பிட்டதே அவர்தான் என்பதால் அடங்கிப் போனேன்.

மேகலாவிடம் என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வரும்போது ஒரு சின்னச் சால்வையும், பித்தளையில் செய்த சின்ன பைப் ஒன்றும் கொடுத்தார்கள். காரில் அதை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாளைக்குக் காலையில் அந்தப் பெண் என்ன படிக்கப் போகிறாள்? ராத்திரி சாப்பாட்டின்போது நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார், காய்ச்சலா என்று.

எனக்கு என்ன உறுத்தியது தெரியுமா? தயாளன் அவளை ஒரு பக்கமாகப் பார்த்தார் என்று காரில் வரும்போது அத்தனை திட்டினேனே... நான் மட்டும் என்ன செய்தேன்? தட்டு நிறைய சோற்றை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, "நிஜமாகவே அளந்தியா" என்று கேட்டேன். அவர் போர்டில் எழுதினார், நான் மெதுவாகக் கேட்டேன். சந்தேகம் ஒன்றுதான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"மேடம், மேகலா பேசறேன்."

"சொல்லும்மா. படிச்சியா?"

"நான் படிக்கல மேடம். காலைல போய்ப் பாத்தா போர்டுல எம்பேரு இல்ல. 'அளக்கும் முறை தவறு. முறையை எழுதியவர், தயாளன்'னு இருந்துச்சு. அவரு கையெழுத்துதான். மைக்கு குடுத்தாங்க, வேணாம்னுட்டாரு. மைக்கு இல்லாமயே படிச்சாரு. கடைசி வரிசைக்குக்கூட கேட்டுச்சு."

"உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"மீட்டிங் முடிஞ்சு போவச் சொல்ல, 'நேத்து நிக்க வெச்சது தப்பும்மா'ன்னாரு. ரொம்ப மெதுவா சொன்னாரு மேடம். ஆனா முனிரத்தினம் அண்ணன் பக்கத்துலயே இருந்தாரு, கேட்டுட்டாரு. இன்னேரம் கம்பெனி ஃபுல்லா தெரிஞ்சிருக்கும்."

"நானும் ஒன்று கேட்டேன் இல்லையா, கேன்டீனில்" என்று ஆரம்பித்தேன்.

"உடுங்க மேடம். நீங்க முட்டைய அளக்கச் சொல்லலைனா நான் இன்னிக்கு வேற இன்னாத்தயோ படிச்சினு இருந்திருப்பேன்."

பெரிய மனசு அவளுக்கு. நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் என்ன பிரயோஜனம் என்று பல பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். ஒரு பிரயோஜனமும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தேன். ஓவல் என்றால் முட்டை என்று நான் மேடையில் சொன்னபோது அது வெறும் கைதட்டல். அந்தப் பெண்தான் அந்த முட்டையை நிஜமாகவே எடுத்து அளந்து பார்த்தாள். இத்தனை சொற்களைத் தோண்டியிருக்கிறேனே, ஒன்றையாவது தட்டில் வைத்து அளந்திருக்கிறேனா? முட்டை ஒரு பக்கம் கூராக இருக்கும் என்று முனிரத்தினம் கேட்டதற்கும் இன்னும் என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் பொதட்டூர்பேட்டை அன்பர் அதையேதான் எழுதப் போகிறார். எழுதட்டும், இந்த முறை அவர் கட்சிதான் நானும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேகலாவிடம் இருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, நிரந்தர வேலைக்கான ஆர்டர். அதைப் பாதிதான் எடுத்திருந்தாள். சம்பளம் எனக்குத் தெரியக் கூடாதாம்.

இன்னொன்று, இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்கு மேலே புதிதாக ஒட்டியிருக்கிற தாள். 'பைப்பை முழுதாக உருட்டி அளக்கவும்' என்று போட்டு, கீழே ஒரு போட்டோ. பழைய தாளில் இருந்த தயாளனின் கை அதில் இல்லை. மெலிந்த விரல்கள், ஒரு கண்ணாடி வளையல், வெர்னியர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் கறை. புதன்கிழமை முட்டை மசாலா அவ்வளவு சீக்கிரம் போகாது.